சாளை போதுமா, நெய்மீன் வேண்டுமா?

நண்பரே, தங்கள் தந்தையாருக்கு ட்ரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பும் இரத்த அழுத்தமும் கூடியிருப்பதாகவும், வாரம் இருமுறை மீன் சேர்க்க மருத்துவர் சொன்னதால் விலை கூடிய நெய்மீனையே (வஞ்சிரம்) வாங்க வேண்டுமா என்றும் மார்த்தாண்டத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. இதயத்துக்கு நன்மை தரும் ஒமேகா 3 கொழுப்பு, குளச்சலிலிருந்து வரும் சாளையிலும் (மத்தி) அயிலையிலும் (கானாங்கெளுத்தி) தாராளமாக உள்ளது. மேலும், சிறிய மீன்கள் குறுகிய காலமே வாழ்வதால், சுறா போன்ற பெரிய மீன்களில் சேரும் அளவுக்குப் பாதரசம் அவற்றில் சேர்வதில்லை. முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் கால்சியமும் கிடைக்கும்.

என் கவலையெல்லாம் மீனைப் பற்றியதன்று, அதனுடன் உண்பதைப் பற்றியது. நம் பக்கத்து வழக்கப்படி தட்டு நிறைய மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) வைத்துக்கொண்டு இரண்டு துண்டு மீனைத் தொட்டுக்கொண்டால் பயன் குறைவு, ஏனெனில் மிகுதியான மாவுச்சத்தே ட்ரைகிளிசரைடை உயர்த்தும்; மதுவும் அவ்வாறே. ஒரு வேளைக்குச் சமைத்த மீன் சுமார் 100 கிராம் போதும். அதைப் பொரிக்காமல், புளியும் மிளகாயும் சேர்த்து, தேங்காய் அரைப்பைக் குறைத்துக் கறியாக வையுங்கள். இரத்த அழுத்தம் இருப்பதால், எவ்வளவு ஆசைப்பட்டாலும், கருவாட்டை உப்பு கருதித் தவிர்ப்பது நல்லது.

அவருக்கு யூரிக் அமிலம் கூடியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; அவ்வாறிருந்தால் சாளையும் நெத்திலியும் மூட்டுவலியைத் தூண்டக்கூடும். மீனை நம்பி மாத்திரையை மட்டும் நிறுத்திவிட வேண்டாம்.