சுட்டால் குப்பை போய்விடுமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். சென்ற வாரம் பதினொன்றாம் வகுப்பில் ஈர்ப்பியல் பாடம் நடத்தும்போது, 2008-இல் அமெரிக்கா பழுதாகிப்போன தன் உளவுச் செயற்கைக்கோளை ஏவுகணையால் அடித்து நொறுக்கிய கதையைச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, "சார், அதே மாதிரி மேல கிடக்குற பழைய சாட்டிலைட் எல்லாத்தையும் சுட்டுட்டா குப்பை போயிடும்ல?" என்றான். வகுப்பே அவன் பக்கம். "போகாது, இன்னும் கூடும்" என்றேன். "அப்போ அமெரிக்கா சுட்டப்போ மட்டும் ஏன் கூடலை?" என்று கேட்டான். எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை. நச்சு எரிபொருள் மக்கள் மேல் விழாமல் தடுக்கத்தான் சுட்டோம் என்று அமெரிக்கா சொன்னதே, அது நம்பக்கூடியதா? 2019-இல் நாமும் இதைச் செய்தோம். அதை எப்படிப் பார்க்கிறீர்கள்? சுடக் கூடாது என்றால், செத்த செயற்கைக்கோளை என்னதான் செய்வது?

கே.எஸ்.
விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள கே.எஸ்.,

அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். "அப்போ மட்டும் ஏன் கூடலை?" என்பதுதான் இந்த விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அப்போதும் குப்பை கூடத்தான் செய்தது. ஆனால் அது மேலேயே நிலைத்து நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை, அடி விழுந்த உயரத்தில் இருக்கிறது.

கதையை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் செயற்கைக்கோளின் பெயர் யுஎஸ்ஏ-193. 2006 டிசம்பர் 14 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து டெல்டா-2 ராக்கெட்டில் மேலே போனது. போன வேகத்திலேயே தரையோடு தொடர்பு அறுந்துவிட்டது. எடை ஏறக்குறைய 2,300 கிலோ. அதில் சுமார் 450 கிலோ ஹைட்ரசீன் என்ற எரிபொருள். ஆண்டுக்கணக்கில் செலவழிக்க வேண்டிய எரிபொருள் தொட்டியில் அப்படியே கிடந்தது. ஹைட்ரசீன் தண்ணீரைப் போலத்தான், பூஜ்யம் டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே உறைந்துவிடும். சூடேற்ற மின்சாரம் இல்லாததால் தொட்டிக்குள் அது பனிக்கட்டியாக இறுகிப்போனது. பேச்சுமூச்சில்லாத அந்த உலோகப் பெட்டி சுற்றுக்குச் சுற்று கீழே இறங்கிக்கொண்டே வந்தது.

2008 பிப்ரவரி 14 அன்று வாஷிங்டனில் செய்தியாளர்களைக் கூட்டினார்கள். படைத் தலைமையின் துணைத் தலைவர் ஜெனரல் ஜேம்ஸ் கார்ட்ரைட், நாசா தலைவர் மைக்கேல் கிரிஃபின் இருவரும் பேசினார்கள். தொட்டி எரியாமல் தரைக்கு வந்து சேரலாம், உடைந்து கசிந்தால் இரண்டு கால்பந்து மைதானம் அளவு இடத்தில் நச்சு வாயு பரவும், அதனால் சுடப்போகிறோம் என்றார்கள். 2003-இல் கல்பனா சாவ்லாவோடு சிதறிய கொலம்பியா விண்கலத்தின் ஹைட்ரசீன் தொட்டி ஒன்று தரைவரை வந்து விழுந்ததையும் கார்ட்ரைட் எடுத்துச் சொன்னார்.

அப்புறம் ஒரு வாரம் காத்திருந்தார்கள். அட்லான்டிஸ் விண்கலம் அப்போது மேலே இருந்தது. அது பிப்ரவரி 20 அன்று பத்திரமாகத் தரையிறங்கியது. அன்றிரவே, வாஷிங்டன் நேரப்படி பத்தரை மணி வாக்கில், ஹவாய் தீவுகளுக்கு மேற்கே பசிபிக்கில் நின்றிருந்த லேக் ஈரி என்ற போர்க்கப்பலிலிருந்து எஸ்எம்-3 ஏவுகணை ஒன்று கிளம்பியது. அதன் முனையில் வெடிமருந்து கிடையாது. வெறும் மோதல்தான். ஒன்றை நோக்கி ஒன்று வரும்போது நொடிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் வேகம் இருந்தால் வெடிமருந்து எதற்கு? மோதல் நடந்த உயரம் 247 கிலோமீட்டர்.

தரையிலிருந்து கண்காணிக்க முடிகிற அளவில் 174 துண்டுகள் கணக்குக்கு வந்தன. பெரும்பாலானவை ஓரிரு நாளிலும் சில வாரங்களிலுமாக எரிந்து விழுந்தன. கடைசித் துண்டு 2009 அக்டோபரில் விழுந்தது. இன்று யுஎஸ்ஏ-193-இன் துண்டு என்று மேலே கணக்கில் ஒன்றும் இல்லை.

இப்போது பையனின் கேள்விக்கு வருவோம். உங்கள் பள்ளியில் ஊஞ்சல் இருந்தால் அவனை அங்கேயே அழைத்துப் போங்கள். ஊஞ்சலில் ஒருவனை உட்காரவைத்து, கீழே வரும் நேரம் பார்த்து ஓங்கித் தள்ளுங்கள். மறுபக்கம் எவ்வளவு உயரமாகப் போனாலும், ஒவ்வொரு ஆட்டத்திலும் நீங்கள் தள்ளிய அந்தத் தாழ்வான இடத்தை அவன் கடந்தே ஆக வேண்டும். அங்கே கால் மணலில் உரசினால் என்ன ஆகும்? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் வேகம் குறையும், மறுபக்கம் ஏறும் உயரமும் குறையும், கடைசியில் நின்றுபோகும்.

செயற்கைக்கோள் உடைந்த துண்டும் இப்படித்தான். மோதலில் முன்பக்கமாக உதை வாங்கிய துண்டு பூமியின் மறுபக்கத்தில் 500, 600 கிலோமீட்டர் உயரத்துக்குக்கூடப் போகலாம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அது உடைந்த உயரத்துக்கு, அதாவது 247 கிலோமீட்டருக்கு, இறங்கி வந்தே ஆக வேண்டும். அங்கே காற்று மிக மிக மெல்லியது. இருந்தாலும் நொடிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகும் துண்டுக்கு அது உரசும் மணல். பின்பக்கமாக உதை வாங்கிய துண்டுகளின் கதை அதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

மோதல் 850 கிலோமீட்டரில் நடந்தால்? கால் மணலைத் தொடவே தொடாது. ஊஞ்சல் ஆடிக்கொண்டே இருக்கும்.

அதற்கும் உண்மையான உதாரணம் இருக்கிறது. அமெரிக்கா சுட்டதற்கு 13 மாதம் முன்பு, 2007 ஜனவரி 11 அன்று, சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஃபெங்யுன்-1சி-யை ஏவுகணையால் அடித்தது. உயரம் சுமார் 865 கிலோமீட்டர். எடை முக்கால் டன்தான், யுஎஸ்ஏ-193-இல் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் கணக்குக்கு வந்த துண்டுகள் 3,000-க்கும் மேல். கணக்கில் வராத சின்னத் துண்டுகள் எத்தனையோ. இவ்வளவு ஆண்டுகள் ஆன பிறகும் பெரும்பகுதி இன்னும் மேலேதான் இருக்கிறது. உங்கள் மாணவன் பிறப்பதற்கு முன் உடைந்த அந்தத் துண்டுகளில் பல, அவனுடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் சுற்றிக்கொண்டிருக்கும்.

சின்னத் துண்டுதானே என்று வகுப்பில் யாராவது கேட்கக்கூடும். சுவரிலிருந்து உரியும் சுண்ணாம்புப் பொருக்கை நகத்தால் கிள்ளிக் காட்டுங்கள். 1983 ஜூனில் சாலஞ்சர் விண்கலம் திரும்பி வந்தபோது அதன் முன் ஜன்னல் கண்ணாடியில் ஒரு குழி இருந்தது. அகலம் சுமார் 4 மில்லிமீட்டர். ஆராய்ந்து பார்த்ததில் தெரிந்தது: இடித்தது ஒரு பெயின்ட் துணுக்கு. அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. ஏதோ ஒரு கலத்திலிருந்து உரிந்த பெயின்ட், அந்த வேகத்தில், விண்கலத்தின் கண்ணாடியைக் கொத்திவிட்டது. ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் இன்று பத்து லட்சத்துக்கும் அதிகமாகச் சுற்றுகின்றன என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. அவற்றில் பெரும்பாலானவற்றை ரேடாரால் பின்தொடர முடியாது. பின்தொடர முடியாதபோது ஒதுங்கவும் வழியில்லை.

அமெரிக்கா சொன்ன காரணத்தை நம்பலாமா என்று கேட்டீர்கள். ஹைட்ரசீன் நஞ்சு என்பது உண்மை. தொட்டி தரைவரை வந்திருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 அணு உலையோடு வந்து கனடாவின் வடக்கே விழுந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் ஸ்கைலாப் ஆஸ்திரேலியாவில் விழுந்தது. ஸ்கைலாப் நம் தலையில் விழுமோ என்று நம் ஊர்ப்பக்கமும் பயந்தார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். இரண்டிலும் உயிர்ச்சேதம் இல்லை. பூமியில் பத்தில் ஏழு பங்கு கடல், மிச்சத்திலும் பெரும்பகுதி ஆளில்லாத நிலம். இரண்டு கால்பந்து மைதானம் அளவுள்ள ஆபத்து, இத்தனை பெரிய பூமியில் ஒரு ஊரின் மேல் விழுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு.

சீனா சுட்டுக் காட்டிய அடுத்த ஆண்டே, எதிரி ஏவுகணையைத் தடுக்கச் செய்த ஆயுதத்தால் செயற்கைக்கோளையும் அடிக்க முடியும் என்று அமெரிக்கா காட்டியது. நாளைக்கு இன்னொருவர் சுடும்போது அவரை யார் தட்டிக் கேட்பது? என் மனக்குறை அதுதான். ஆனாலும் அவர்கள் செய்த விதத்தில் பொறுப்பு இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்கள் உள்ள கலம் இறங்கும்வரை பொறுத்திருந்தார்கள். அப்போது 340 கிலோமீட்டர் உயரத்தில் இருந்த விண்வெளி நிலையத்துக்கு நன்றாகக் கீழே, செயற்கைக்கோள் காற்று மண்டலத்தின் வாசலுக்கு வந்த பிறகுதான் அடித்தார்கள்.

2019 மார்ச் 27 அன்று நாம் செய்ததைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஏவிய மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை, ஒடிசா கரையில் உள்ள அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய ஏவுகணை 280 கிலோமீட்டர் சொச்ச உயரத்தில் அடித்தது. நம் விஞ்ஞானிகளின் திறமையில் எனக்குப் பெருமை உண்டு. தாழ்வான உயரத்தைத் தேர்ந்தெடுத்ததும் சரி. ஆனால் 45 நாளில் எல்லாம் விழுந்துவிடும் என்று சொன்னார்கள், விழவில்லை. கடைசித் துண்டுகள் விழ மூன்று ஆண்டு ஆனது. 24 துண்டுகள் விண்வெளி நிலையத்தின் உயரத்துக்கும் மேலே ஏறிப்போயின என்று நாசாவின் அன்றைய தலைவர் கண்டித்தார். ஊஞ்சலின் மறுபக்கம் இதுதான். தாழ்வில் அடித்தாலும் சில துண்டுகள் உயரே ஏறி இறங்கும், ஏறி இறங்கும் பாதையில் ஆட்கள் இருக்கிறார்கள்.

2021 நவம்பரில் ஒரே வாரத்தில் நடந்ததைப் பாருங்கள். ஃபெங்யுன் துண்டு ஒன்று நெருங்கி வருவதாகத் தெரிந்து விண்வெளி நிலையம் தன் பாதையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டது. சீனா அடித்து அப்போது 14 ஆண்டு ஆகியிருந்தது. சில நாளில், நவம்பர் 15 அன்று, ரஷ்யா தன் பழைய காஸ்மாஸ் 1408-ஐ 480 கிலோமீட்டர் உயரத்தில் அடித்தது. 1,500-க்கு மேல் துண்டுகள். நிலையத்தில் இருந்த ஏழு பேரும், அதில் இரண்டு பேர் ரஷ்யர்கள், தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டு, தாங்கள் வந்த கலங்களுக்குள் போய்க் கதவடைத்து உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில், இனி இப்படி அடித்துச் சோதனை செய்ய மாட்டோம் என்று அமெரிக்கா அறிவித்தது. டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் இதற்கான தீர்மானத்துக்கு 155 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. இலங்கையும் அப்படியே. நாம் ஆதரித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். செய்து காட்டி முடித்தவர்கள் நாம், இனி வேண்டாம் என்று சொல்வதில் நமக்கு இழப்பு என்ன?

சரி, செத்த செயற்கைக்கோளை என்னதான் செய்வது? அதற்கும் நம் கையிலேயே உதாரணம் இருக்கிறது, இதை அவசியம் வகுப்பில் சொல்லுங்கள். இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து 2011 அக்டோபரில் ஏவிய மேகா-ட்ராபிக்ஸ்-1 என்ற வானிலைச் செயற்கைக்கோள் சுமார் 867 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. கிட்டத்தட்ட ஃபெங்யுன் இருந்த அதே உயரம். எடை ஒரு டன். மூன்று ஆண்டுக்குத்தான் திட்டம், பத்தாண்டு உழைத்தது. அப்படியே விட்டிருந்தால் நூறு ஆண்டுக்கு மேல் மேலேயே கிடந்திருக்கும். அதில் 120 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சம் இருந்தது. இப்படி இறக்குவதற்காக வடிவமைத்த செயற்கைக்கோளும் அல்ல அது. ஆனாலும் இஸ்ரோ பொறியாளர்கள் 2022 ஆகஸ்டிலிருந்து அந்த எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து, இருபது முறை பாதையை மாற்றி, சுற்றின் தாழ்வான முனையைப் படிப்படியாகக் கீழே கொண்டுவந்தார்கள். ஊஞ்சல்காரனின் காலை மணலில் பட வைத்தார்கள் என்று பையனிடம் சொல்லுங்கள். 2023 மார்ச் 7 அன்று கடைசி இரண்டு தடவை எஞ்சினை இயக்கி, ஆளில்லாத பசிபிக் கடலுக்கு மேலே அதைக் காற்றுக்குள் இறக்கினார்கள். சுற்றுப்பாதையில் அதன் துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை.

எரிபொருளும் தீர்ந்து தொடர்பும் அறுந்த செயற்கைக்கோளை எப்படி இறக்குவது என்று அவன் அடுத்துக் கேட்பான் என நினைக்கிறேன். கேட்டால் எழுதுங்கள்.

அன்புடன்.