நெல்லூர் போன்ற நெல் மாவட்டம் ஏன் துறைமுகத் தொழில் பக்கம் போகிறது?

துறைமுகத்தை ஒட்டியே ஆலைகள் குவிவதைத்தான் துறைமுகம் சார்ந்த தொழில் வளர்ச்சி என்கிறார்கள். ஆந்திராவின் நெல்லூர், பெண்ணாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் பூமி. 2008இல் அம்மாவட்டக் கடற்கரையிலுள்ள கிருஷ்ணபட்டினம் துறைமுகம் இயங்கத் தொடங்கியபின் அந்தப் பக்கம் அனல்மின் நிலையங்களும் சமையல் எண்ணெய் ஆலைகளும் பெருகின.

காரணம் எடைதான். கனமான சரக்குக்குக் கடல்வழி மலிவு. கரையேறியபின் லாரிச் செலவு எகிறும். வீடு கட்டுபவர் மணலையும் செங்கல்லையும் மனைக்குப் பக்கத்திலேயே இறக்குவதில்லையா? கப்பலில் வரும் பாமாயிலைக் குழாய் வழியாகவே ஆலைத் தொட்டியில் சேர்த்துவிடலாம்.

எனக்குக் கவலை, கூலிக்கு நாற்று நடுபவர்களைப் பற்றித்தான். ஆலைக்கு எடுக்கும் நிலத்துக்கான விலை பட்டாதாரருக்கே போகிறது.

துறைமுகம் வந்தால் மாவட்டம் முழுக்க விவசாயம் போய்விடும் என்பது தவறான எண்ணம்: ஆலைகள் நெருங்குவது கடலோரத்தில், சோமசிலா அணைத் தண்ணீர் பாயும் வயல்களில் இன்றும் நெல்தான்.