பவர் சப்ளையை சிப் ஓட்டும்போது: சில கேள்விகள், பதில்கள்

ஸ்விட்ச்சிங் பவர் சப்ளையை (டிரான்சிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜை மாற்றுவது) மைக்ரோகன்ட்ரோலரோ டிஎஸ்பியோ (சிக்னல் கணக்குப் போடும் சிப்) வைத்து ஓட்டிப் பார்ப்பவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

டிஎல்494, யூசி3842 போன்ற அனலாக் கன்ட்ரோல் சிப்கள் எல்லாம் இத்தனை வருஷமாக நன்றாகத்தானே ஓடுகின்றன? டிஜிட்டலுக்கு ஏன் போக வேண்டும் சார்?

போகத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? ஒரே அவுட்புட், மாறாத வோல்டேஜ், சின்ன வாட்டேஜ் என்றால் அனலாக்கிலேயே இருங்கள். பிஎஃப்சியையும் (பவர் ஃபேக்டரைச் சரிசெய்யும் முன்பகுதி) எல்எல்சியையும் (அதற்கடுத்த ரெசனன்ட் கன்வர்ட்டர்) ஒரே சிப் பார்த்துக்கொள்ள வேண்டும், லோடு குறைந்தால் இணையாக ஓடும் ஃபேஸ்களில் சிலவற்றை அணைக்க வேண்டும், கோளாறு வந்தால் பிஎம்பஸ் (பவர் சப்ளைகள் செய்தி பேசும் இணைப்பு) வழியாகச் சொல்ல வேண்டும் என்ற நிலை வரும்போது டிஜிட்டல் பக்கம் வாருங்கள்.

12 வோல்ட்டிலிருந்து 1.2 வோல்ட் எடுக்கும் பக் கன்வர்ட்டர். ஸ்விட்ச்சிங் 500 கிலோஹெர்ட்ஸ், பிடபிள்யூஎம் (ஆன் நேரத்தை நிர்ணயிக்கும் பல்ஸ்) கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ். லோடு மாறாதபோதும் அவுட்புட் மெதுவாக ஏறி இறங்குகிறது. கன்ட்ரோல் லூப்பின் கெயினைக் குறைத்தும் நிற்கவில்லை.

கெயினை விடுங்கள், முதலில் படிகளை எண்ணுவோம். ஒரு சைக்கிளுக்கு 2 மைக்ரோசெகண்ட். அதற்குள் 200 கிளாக், அதாவது 200 படி. டியூட்டியை (சைக்கிளில் ஆன் நேரத்தின் பங்கு) ஒரு படி நகர்த்தினால் அவுட்புட் 12/200, அதாவது 60 மில்லிவோல்ட் நகரும். வோல்டேஜை அளந்து எண்ணாக்கும் உங்கள் 12 பிட் ஏடிசியோ 3.3 வோல்ட் ரெஃபரன்ஸில் 0.8 மில்லிவோல்ட் வித்தியாசத்தையும் பார்த்துவிடும். நஷ்டங்களை ஈடுகட்ட 20.4 படி தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 20-இல் நின்றால் குறைவு, 21-இல் நின்றால் அதிகம். நடுவில் கால் வைக்கப் படி இல்லை. பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் இன்டக்ரேட்டர் இரண்டுக்கும் இடையில் போய் வந்துகொண்டே இருக்கும். லிமிட் சைக்கிள் என்பது இதுதான்.

நுண்ணிய பிடபிள்யூஎம் உள்ள சிப்பை எடுங்கள். எஸ்டிஎம்32ஜி474-இன் ஹெச்ஆர்டிம் டைமர் 184 பிகோசெகண்ட் வரை இறங்கும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000 வரிசையில் பலவற்றில் சுமார் 150. 184 என்றாலே உங்களுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் படிகள் கிடைக்கும், ஒரு படி 1.1 மில்லிவோல்ட். அப்போதும் ஏடிசியின் 0.8-ஐவிட அது பெரிதாகத்தான் இருக்கிறது, கவனியுங்கள். ஏடிசியின் கடைசி 2 பிட்டைத் தூக்கிப் போட்டால் அதன் படி 3.2 மில்லிவோல்ட் ஆகும், ஆட்டம் அடங்க வழி பிறக்கும். காசு கொடுத்து வாங்கிய பிட்டை வீசுவதா என்று எல்லோரும் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தவன்தான்.

சிமுலேஷனில் ஃபேஸ் மார்ஜின் (லூப் ஆட்டம் போடாமல் இருக்க மிச்சமுள்ள இடைவெளி) 60 டிகிரி காட்டியது. போர்டில் அளந்தால் 10 கூட இல்லை. ஸ்விட்ச்சிங் 200 கிலோஹெர்ட்ஸ், கிராஸோவர் (லூப் கெயின் ஒன்றாகும் அதிர்வெண்) 20 கிலோஹெர்ட்ஸ்.

சிமுலேஷனில் தாமதத்தைச் சேர்த்தீர்களா? இந்த சைக்கிளில் அளந்து, கணக்குப் போட்டு, அடுத்த சைக்கிளில்தான் புது டியூட்டி ஏறுகிறது. பிடபிள்யூஎம் தன் பங்குக்கு இன்னும் அரை சைக்கிள் எடுக்கும். ஆக ஒன்றரை சைக்கிள், 7.5 மைக்ரோசெகண்ட். 20 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 50 மைக்ரோசெகண்ட், அதில் 7.5 என்பது 54 டிகிரி. 60-இல் 54 போனால் மீதி 6.

கிராஸோவரை 10-க்கு இறக்கினால் 27 டிகிரி இழப்போடு தப்பலாம். இறக்க மனமில்லையென்றால், பழைய சாம்பிள்களின் பெருக்கல்களை முன்கூட்டியே முடித்து வைத்துக்கொண்டு, புது சாம்பிள் வந்ததும் ஒரே ஒரு பெருக்கலும் கூட்டலும் செய்து அதே சைக்கிளிலேயே டியூட்டியை ஏற்றிவிடுங்கள்.

ஏடிசி ரீடிங் தாறுமாறாகக் குதிக்கிறது.

ஸ்விட்ச்சாக இருக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் ஆனோ ஆஃபோ ஆகும் நொடியில் அளக்கிறீர்கள். பிடபிள்யூஎம் டைமரையே ட்ரிக்கராக வைத்து, ஆன் நேரத்தின் நடுவில் எடுங்கள். கரன்ட் தொடர்ந்து ஓடும்வரை இன்டக்டரின் சராசரி கரன்ட்டும் அங்கேயே கிடைக்கும்.

டீபக் செய்யும்போது இரண்டு மாஸ்ஃபெட் போய்விட்டது அண்ணா. கோடில் தப்பே இல்லை!

இருக்காது. பிரேக்பாயிண்ட் வைத்தீர்களா? பிராசஸர் நின்ற கணத்தில் மாஸ்ஃபெட்டின் கேட் ஹை-யில் இருந்து, டைமரும் கூடவே நின்றுவிட்டால், மாஸ்ஃபெட் ஆனிலேயே கிடக்கும். இன்டக்டர் சாச்சுரேட் ஆக (காந்தம் நிரம்பி கரன்ட் எகிற) அதிக நேரம் வேண்டாம். நானும் ஒரு பூஸ்ட் போர்டில் இப்படித்தான். வேரியபிள் ஒன்றை எட்டிப் பார்க்க நிறுத்தினேன், 'டப்' என்று ஒரு சத்தம், வேரியபிளைப் பார்க்கவே இல்லை.

டீபக்கர் நிறுத்தினால் பிடபிள்யூஎம் அவுட்புட்டெல்லாம் ஆஃப் நிலைக்குப் போகும்படி டைமரில் அமைத்துவிடுங்கள். ஓவர்கரன்ட்டை இன்டரப்ட்டிடம் ஒப்படைக்காதீர்கள். கம்பேரேட்டரிலிருந்து நேராக பிடபிள்யூஎம்மை வெட்டும் ட்ரிப் அல்லது ஃபால்ட் இன்புட் சிப்பிலேயே இருக்கிறது. கோடு செத்துக் கிடந்தாலும் அது வெட்டும்.

கணக்குக்கு ஃப்ளோட்டா, ஃபிக்ஸ்ட் பாயிண்டா? பிராசஸர் கார்ட்டெக்ஸ் எம்4.

எஃப்பியூ (ஃப்ளோட் கணக்குக்கான வன்பொருள்) இருந்தால் ஃப்ளோட்டே போதும். ஆனால் 1.5 என்று மட்டும் எழுதினால் கம்பைலர் அதை டபுளாக (64 பிட் எண்) எடுத்துக்கொள்ளும்; எம்4-இன் எஃப்பியூவுக்கு டபுள் தெரியாது, எல்லாம் மென்பொருளில் ஊர்ந்து போகும். எண்ணுக்குப் பின்னால் எஃப் போட (1.5f என்று) மறக்காதீர்கள்.