கதவு திறக்கவும் விளக்கு எரியவும்: எச்ஓ சரக்குப் பெட்டிகளுக்குச் சில யோசனைகள்

கேள்வி: எட்டு நாற்பதடி பாக்ஸ்கார்களும் (மூடிய சரக்குப் பெட்டிகள்) ஒரு கபூஸும் (ரயிலின் கடைசியில் வரும் பணியாளர் பெட்டி) கொண்ட எச்ஓ அளவு, அதாவது உண்மையில் 87இல் ஒரு பங்கு அளவு, அமெரிக்கச் சரக்கு ரயில் மாதிரி என்னிடம் உள்ளது. காலம் 1950கள், நீராவி எஞ்சின் இழுக்கிறது. பெட்டிகளின் கதவுகள் திறந்து மூட வேண்டும், அடிப்புறத்தில் பிரேக் அமைப்பு தெரிய வேண்டும், கடைசியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்ன வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு பெட்டியில் பிரேக் கம்பிகளைப் பொருத்தியதிலிருந்து அது வளைவுகளில் தடம் புரள்கிறது. எப்படித் தொடர்வது?

பதில்: தடம் புரளும் பெட்டியை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள், ஒழுங்காக ஓடாத பெட்டியில் எந்த நுணுக்கத்தைச் சேர்த்தாலும் அது அலமாரியில்தான் நிற்கும். பெட்டியைத் தலைகீழாக வைத்து, உங்களிடம் உள்ள மிகக் குறுகிய வளைவில் போகி (பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கித் திரும்பும் சட்டகம்) எவ்வளவு திரும்புமோ அவ்வளவு திருப்பிப் பாருங்கள். சக்கரத்தின் விளிம்பு உரசிய இடத்தில் கம்பியின் கறுப்பு வண்ணம் தேய்ந்து பித்தளை பளிச்சென்று தெரியும். போகிக்கு மேலாகச் செல்லும் அந்தப் பகுதியைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது எப்படியும் தெரியாது. அதோடு, ஒரே பித்தளைக் கம்பி இரு பக்கத்து உலோகச் சக்கரங்களையும் தொட்டால் தண்டவாளத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆகும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. அமெரிக்காவின் மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏயின் பரிந்துரைப்படி, எச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸும், நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஆறங்குலம் வரும் உங்கள் பாக்ஸ்காருக்கு இது நான்கு அவுன்ஸ், அதாவது சுமார் 113 கிராம். ஒரு போகியின் திருகைத் திரும்புவதற்கு மட்டும் இடம் விட்டு இறுக்கி, மற்றதைச் சற்றுத் தளர்த்தி எப்பக்கமும் லேசாக ஆடும்படி விட்டால், தண்டவாளத்தின் சிறு மேடுபள்ளங்களைப் பெட்டி தானே சமாளித்துக்கொள்ளும்.

இனிக் கதவுகள். எட்டுப் பெட்டிகளிலும் கதவு திறக்க வேண்டியதில்லை. சரக்கு மேடையில் நிற்கும் இரண்டில் திறந்தால் போதும் என்பது என் கருத்து. ஏனென்றால், திறந்த கதவு வழியாக உள்ளே இருக்கும் எடைத் தகடும் பிளாஸ்டிக் அச்சின் வட்டத் தடங்களும் அப்படியே தெரியும். ஆகவே கதவுக்கு முன்பே தரை வர வேண்டும்: எடைத் தகட்டைத் தட்டையாக ஒட்டி, அதன்மேல் மெல்லிய மரப்பட்டிகளைக் குறுக்காகப் பதித்து, உள்சுவர்களுக்கு வெளிறிய மரத்தின் வண்ணம் பூசுங்கள். ஆறடிக் கதவு எச்ஓவில் 21 மில்லிமீட்டர் அகலம் வரும். பழைய கிட்களில் கதவைத் தாங்கும் தடித்த கொக்கிகளைச் சீவி எடுத்துவிட்டு, ‘எல்’ வடிவ மெல்லிய ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டியை மேலும் கீழும் தடமாக ஒட்டுங்கள். கதவுக்கும் தடத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி விட்டாலே, அது உண்மை அளவில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் ஆகிவிடும். எனவே இரண்டு அடுக்கு வண்ணம் ஏறிய பிறகு மட்டுமட்டாக நகரும் அளவுக்கே இடம் விடுங்கள். உரசும் விளிம்புகளில் வண்ணம் படாமல் டேப் ஒட்டி மறைத்து, பென்சில் கரித்தூளைத் தேய்த்தால் கதவு வழுக்கிக்கொண்டு ஓடும். எண்ணெய் வேண்டாம், அது தூசியைச் சேர்க்கும்.

பிரேக் அமைப்பைப் பொறுத்தவரை, உங்கள் காலத்துக்கு ஏற்றது 1933இல் வந்த ஏபி வகைக் காற்று பிரேக்: காற்றுத் தொட்டி, வால்வு, சிலிண்டர் என்று மூன்று தனி உறுப்புகள். கைப்பிரேக் சக்கரம் உள்ள முனைதான் பி முனை. சிலிண்டரின் தண்டு அந்த முனையை நோக்கியே நீள வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது. நீளவாட்டில் ஓடும் காற்றுக்குழாய்க்கு 0.4 மில்லிமீட்டர் கம்பியும், இழுகம்பிகளுக்கு 0.3 மில்லிமீட்டர் கம்பியும் பொருந்தும். இவற்றை அசையும்படி செய்ய முயல வேண்டாம். உழைப்புக்கேற்ற பலன் கிடைக்காது.

விளக்கு விஷயத்தில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. மின்னும் சிவப்பு விளக்கு, கபூஸ்கள் மறையத் தொடங்கிய 1980களில் கடைசிப் பெட்டியின் கப்ளரில் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) மாட்டப்பட்ட கருவிக்கு உரியது. கூரைமேல் நடைபாதைப் பலகை உள்ள, 1950களுக்குரிய உங்கள் பெட்டிகளுக்குப் பின்னால் அது பொருந்தாது. உங்களுக்கு வேண்டியவை கபூஸின் பின்மூலைகள் இரண்டிலும் தொங்கும் மார்க்கர் விளக்குகள். அவை மின்னாமல் சீராக எரியும், பின்னோக்கிச் சிவப்பாகவும், மற்றத் திசைகளில் ரயில் நிறுவனத்தைப் பொறுத்துப் பச்சையாகவோ மஞ்சளாகவோ தெரியும். மண்ணெண்ணெய்ச் சுடரின் மங்கல்தான் அவற்றுக்கு அழகு என்பதால், ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள 0402 அளவு எல்இடியை 10 கிலோ ஓம் மின்தடையோடு இணையுங்கள்.

மின்சாரத்தைத் தண்டவாளத்திலிருந்தே எடுக்கலாம். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் காப்பிடப்பட்ட உலோக அச்சுகளை வாங்கி, முன்போகியில் காப்பிட்ட சக்கரங்கள் இடப்பக்கமும் பின்போகியில் வலப்பக்கமும் அமையும்படி மாட்டுங்கள். ஒவ்வொரு போகியிலும் அச்சைத் தொடும்படி மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் (வளைந்து மீளும் செம்புக் கலவை) கம்பி வைத்து, இரண்டையும் மின்னோட்டத்தை ஒரே திசைக்கு மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குக் கொண்டுசெல்லுங்கள். ரெக்டிஃபயருக்குப் பின் 25 வோல்ட் தாங்கும் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை (மின்சாரத்தைச் சிறிது சேமித்து வைக்கும் உறுப்பு) 100 ஓம் மின்தடை வழியாக இணைத்தால், அழுக்கான தண்டவாளத்தில் சக்கரம் ஒரு நொடி தொடர்பை இழந்தாலும் விளக்கு துடிக்காது. கம்பி அச்சை அழுத்தினால் கபூஸ் பிரேக் போட்டதுபோல் இழுபடும். ஆகவே வயரிங் முடிந்ததும் லேசான சரிவில் விட்டு, அது தானாக உருள்கிறதா என்று பார்த்துவிட்டே கூரையை மூடுங்கள்.