ஒரு குட்டியை நக்குகிறது, இன்னொன்றை முட்டுகிறது

கேள்வி: என் மேச்சேரி இனச் செம்மறி ஆடு தலையீற்றிலேயே இரட்டைக் குட்டி போட்டது. ஒன்றுக்குப் பால் கொடுக்கிறது, மற்றதை முட்டித் தள்ளுகிறது. இது இனத்தின் குணமா?

பதில்: இனத்துக்கும் பங்கு உண்டு. ஸ்காட்லாந்து மலைகளின் பிளாக்ஃபேஸ் ஆடு ஈன்றதும் விடாமல் நக்கும், குட்டியும் சட்டென்று எழுந்து மடி தேடும். சஃபோக் என்ற இனத்தின் குட்டி அதைவிட மந்தம். மெரினோ ஆடுகளில் சில, ஈன்ற இடத்தை விட்டுச் சீக்கிரமே நகர்ந்து, பின்தங்கிய இரட்டைக் குட்டியை மறந்துவிடும். ஆனால் உங்கள் ஆட்டில் நான் இனத்தைச் சந்தேகப்பட மாட்டேன். மேச்சேரி பெரும்பாலும் ஒற்றைக் குட்டி போடும் இனம். இதற்கோ முதல் ஈற்றிலேயே இரண்டு, பழக்கமில்லாத தாய் தடுமாறுகிறது.

பனிக்குட நீரின் வாசனை மற்ற நாட்களில் ஆட்டுக்குப் பிடிக்காது, ஈன்ற உடனே அதையே தேடும். நக்கி நக்கித்தான் தன் குட்டியின் வாசனையைப் பதித்துக்கொள்கிறது. முதல் சில மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை இது. அந்த நேரத்தில், நடுங்குகிறதே என்று பாவப்பட்டு ஒரு குட்டியைத் தூக்கிப்போய்த் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டால், தாய்க்கு அது யாரோ ஒரு குட்டி. நல்ல மனதோடு செய்யும் இந்தத் தவறை எத்தனையோ பட்டிகளில் பார்த்திருக்கிறேன்.

முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கல் போலவோ இருந்தால் வலியில் உதைக்கிறது, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மடி நன்றாக இருந்தால் தாயையும் இரண்டு குட்டிகளையும் தனி அடைப்பில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். தாயின் பாலையே பீய்ச்சி, ஒதுக்கப்பட்ட குட்டியின் தலையிலும் வாலடியிலும் தடவுங்கள். பால் குடிக்கும்போது தாய் முகர்வது வாலடியைத்தான். தாயைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்க விடுங்கள்.

சீம்பாலைத் தள்ளிப்போடாதீர்கள். 2.5 கிலோ குட்டிக்கு முதல் வேளையில் சுமார் 125 மில்லி, பிறந்த 2 மணி நேரத்துக்குள் போக வேண்டும். குடிக்கத் தெம்பில்லை என்றால் பீய்ச்சிப் பாட்டிலில் கொடுங்கள்.

ஏற்றுக்கொண்ட தாய் வாயைத் திறக்காமல், தொண்டைக்குள்ளேயே மெல்லக் கனைக்கும். இரண்டாவது குட்டி மடிக்குப் போகும்போதும் அந்தச் சத்தம் கேட்டால் அடைப்பைத் திறந்துவிடலாம்.