முப்பது லிட்டர் ஆர்கானில் நியூட்ரினோ சிக்குமா?

கேள்வி: மதுரையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் பணியாற்றுகிறேன். 40 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரத்தில் சிறிய திரவ ஆர்கான் உணர்கருவி ஒன்றை மாணவர்களோடு கட்ட நினைக்கிறோம். அதில் நியூட்ரினோ மோதலைப் பார்க்க முடியுமா? வெல்டிங் கடையில் கிடைக்கும் ஆர்கான் போதுமா? திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர்விக்கலாமா?

பதில்: பொருளோடு மிக அரிதாகவே மோதும் நுண்துகள்தான் நியூட்ரினோ. கருவியை மதுரையில் வைத்தால் அது கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் பெட்டி கொள்வது 32 லிட்டர், ஏறத்தாழ 45 கிலோ. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்கள் ஆயிரம் டன் பொருளில் ஆண்டுக்கு நூற்றுச் சொச்சம் முறைதான் மோதுகின்றன. அதை 45 கிலோவுக்கு வகுத்துப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு ஒன்று தேறினாலே பெரிது.

அமெரிக்காவின் ஃபெர்மிலாப் ஆய்வகத்தில் 2009-10இல் இயங்கிய ஆர்கோநியூட் என்ற திரவ ஆர்கான் உணர்கருவியும் சிறியதுதான், சுமார் 170 லிட்டர். ஆனால் அது முடுக்கியிலிருந்து பாயும் நியூட்ரினோ கற்றையின் நடுவே உட்கார்ந்திருந்தது. அதிலும் மோதலில் பிறந்த மியூவான்கள் (எலெக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான துகள்கள்) பெட்டிக்குள் அடங்கவில்லை. பின்னால் இருந்த மினோஸ் என்ற பெரிய இரும்புக் கருவிதான் அவற்றைப் பிடித்தது. சிறிய கருவி எங்கே இருக்கிறது, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்பதெல்லாம் வடிவமைப்பில் சேர்த்தி.

கூடங்குளம் பக்கத்தில்தானே இருக்கிறது என்று அடுத்து கேட்பீர்கள். அணு உலை நியூட்ரினோ ஆர்கான் அணுவை மெல்ல இடித்தால் அணு பெறும் ஆற்றல், துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகில், ஒரு கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டைக்கூட எட்டுவது அரிது. உங்கள் கருவிக்கு அது தெரியாது. மேலும் காற்றிலிருந்து பிரித்த ஆர்கானில் இயற்கையாகவே ஆர்கான்-39 என்ற கதிரியக்க வகை உண்டு. கிலோவுக்கு வினாடிக்கு ஒன்று வீதம் சிதைந்துகொண்டே இருக்கும்; அந்த இரைச்சலில் அரிய மோதல் மறைந்துவிடும்.

ஆகவே மியூவானைப் பிடியுங்கள். விண்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதுவதால் பிறந்து, தலைக்கு மேலிருந்து சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று வீதம் இலவசமாக விழுகிறது. உங்கள் பெட்டியின் மேல்முகத்தில் நிமிடத்துக்கு 1,600. தேனி மாவட்டத்தில் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் முன்னோட்டமாக மதுரையில் கட்டப்பட்ட 85 டன் இரும்புக் கருவிக்கும் உணவு இந்த மியூவான்தான். நேராக இறங்கும் ஒரு மியூவான் 20 செ.மீ. ஆர்கானில் 42 மில்லியன் எலெக்ட்ரான்வோல்ட் விட்டுச் செல்லும். அந்தத் தடத்தைத் தெளிவாக வரையத் தெரிந்த கருவியை நாளை எந்தக் கற்றைக்கும் எடுத்துச் செல்லலாம்.

இனி தூய்மை. பணமும் பொறுமையும் கரைவது இங்கேதான். மியூவான் தன் தடம் நெடுக ஆர்கானிலிருந்து உதிர்த்த எலெக்ட்ரான்களைச் சென்டிமீட்டருக்கு 500 வோல்ட் மின்புலம், அவற்றைப் பதிவு செய்யும் தளத்தை நோக்கி மைக்ரோவினாடிக்கு 1.6 மி.மீ. வேகத்தில் இழுக்கிறது. 20 செ.மீ. கடக்க 125 மைக்ரோவினாடி. அதற்கு 10 கிலோவோல்ட் வேண்டும். வழியில் ஆக்சிஜன் இருந்தால் எலெக்ட்ரானை விழுங்கிவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் இருந்தாலே எலெக்ட்ரான்கள் அரை மில்லிமீட்டர் போவதற்குள் பெரும்பாலும் காணாமல் போகும். நூறு கோடியில் ஒரு பங்காகக் குறைத்தால் மூன்றில் இரண்டு பங்கு கரை சேரும். அதிலும் பத்தில் ஒன்றாக்கினால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு.

ஆகவே வெல்டிங் கடை ஆர்கானை அப்படியே ஊற்றும் எண்ணம் வேண்டாம். ஈரத்தை உறிஞ்ச மூலக்கூறு சல்லடை, ஆக்சிஜனைப் பிடிக்கத் தாமிரத் துகள் என இரண்டு வடிகட்டிகளைக் கடந்தே அது உள்ளே வர வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று. திரவத்தில் மூழ்கிய பொருள்கள் குளிரில் அடங்கிவிடும். மேலே வெதுவெதுப்பான வாயுப் பகுதியில் தொங்கும் கேபிள்களும் பிளாஸ்டிக்கும்தான் ஈரத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அங்கே கேபிளைக் குறையுங்கள். நிரப்புவதற்கு முன் சில நாட்களாவது வெற்றிடத்தில் வையுங்கள். மழைக்கால மதுரையில் திறந்துவைத்த சர்க்யூட் பலகை எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

குளிர்விப்பு. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கொண்டுவரும் குடுவையில் இருக்கும் அதே திரவ நைட்ரஜன் போதும். ஆனால் அது கொதிப்பது மைனஸ் 196 டிகிரியில். ஆர்கானோ மைனஸ் 189இல் உறைந்து மைனஸ் 186இல் கொதிக்கிறது. இடைவெளி வெறும் மூன்று டிகிரி. நைட்ரஜனை இரண்டு வளிமண்டல அழுத்தத்துக்குச் சற்று மேலே வைத்தால் அதன் கொதிநிலை உயர்ந்து இந்த இடைவெளிக்குள் வந்துவிடும். இல்லையென்றால் குளிர்விக்கும் குழாயைச் சுற்றி ஆர்கான் பனிக்கட்டியாகும். உள்ளே கசியும் வெப்பம் 50 வாட் என்றால் நாளொன்றுக்கு சுமார் 27 லிட்டர் நைட்ரஜன் செலவாகும். வெற்றிடக் காப்பில் கஞ்சத்தனம் காட்டினால் மாதாமாதம் நைட்ரஜன்காரருக்குக் கொடுப்பீர்கள்.

எலெக்ட்ரான்களைப் பதிவு செய்யச் சட்டத்தில் மெல்லிய கம்பிகளைக் கட்டிய தளத்துக்கு ஆசைப்படாதீர்கள். குளிரில் கம்பி சட்டத்துக்கு முன்பே சுருங்கிவிடும். அவசரப்பட்டு ஆர்கானை ஊற்றி, கம்பிகள் அறுந்து தொங்கியதைப் பார்த்து நின்றவன் நான். இந்த அளவுக்குச் சிறிய கருவியில் தாமிரப் பட்டைகள் பதித்த சர்க்யூட் பலகையே போதும்.

கடைசியாக, எந்த அறை என்பது. ஒரு லிட்டர் திரவ ஆர்கான் ஆவியானால் 800 லிட்டருக்கு மேல் வாயு. நிறமில்லை, மணமில்லை, காற்றைவிடக் கனமானது. தரையோடு தேங்கி ஆக்சிஜனை விரட்டிவிடும். நிலவறையும் அடைத்துவைத்த ஏசி அறையும் கூடவே கூடாது. அழுத்த விடுவிப்பு வால்வின் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோங்கள். ஆக்சிஜன் அளவியை முழங்கால் உயரத்தில் மாட்டுங்கள். அது கூவினால் முதலில் எல்லோரும் வெளியேற வேண்டும். கீழே விழுந்தவரைத் தூக்கத் தனியாக யாரும் உள்ளே போகக் கூடாது. இதை மாணவர்களுக்கு முதல் நாளே சொல்லி, ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவிடுங்கள்.