நிபுணர் சங்கங்களும் அரசும்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

மலையகத்தில் நோர்வூட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். வைத்தியர்களின் வேலைநிறுத்தம் பற்றிய உங்கள் கட்டுரையில், தெருவில் நடக்கும் போராட்டத்தைவிட சுகாதார அமைச்சின் கூட்ட அறையில் விசேட வைத்திய நிபுணர்களின் சங்கங்கள் செலுத்தும் செல்வாக்கே நம்மை நீண்ட காலம் பாதிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது சரியாக விளங்கவில்லை. நோயைப் பற்றி நிபுணர்களைவிட அறிந்தவர் யார்? அவர்கள் அரசுக்கு ஆலோசனை சொல்வதைக் குறைகூறினால், சுகாதாரத்தை அரசியல்வாதிகளின் கையில் மட்டுமே ஒப்படைத்ததாகாதா? என் அம்மா நீரிழிவு நோயாளி. கண் கிளினிக்குக்குப் போய், டொக்டர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், அடுத்தவர் இன்னும் வரவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தார். இதற்கும் சங்கங்களுக்கும் என்ன தொடர்பு?

ஒரு வாசகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நோயைப் பற்றி நிபுணரே அதிகம் அறிந்தவர் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவர்கள் வாய்மூடியிருந்தால் அமைச்சரின் காதில் விழுவது கம்பனிகளின் குரல் மட்டுமே. நம் நாட்டில் புகையிலை, மதுசாரம் தொடர்பான அதிகார சபைச் சட்டம் 2006 இல் வந்ததற்கும், பின்னர் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் வந்ததற்கும் பின்னால், இலங்கை மருத்துவ சங்கத்தைப் போன்ற அமைப்புகளின் விடாப்பிடியான வாதாட்டம் இருந்தது.

அமெரிக்காவில் இதைவிடத் துலக்கமான ஒரு கதை உண்டு. தாய்சேய் நலத்துக்கு அரசு பணம் ஒதுக்கும் சட்டமொன்று 1921 இல் அங்கே நிறைவேறியது. வைத்தியத்தில் அரசு கைவைக்கக்கூடாது என்று அமெரிக்க மருத்துவ சங்கம் அதை எதிர்த்தது. அதே சங்கத்தின் குழந்தை வைத்தியப் பிரிவினர் ஆதரித்தார்கள். தாய்ச் சங்கம் அவர்களைக் கண்டித்தது. அந்த மனக்கசப்பிலிருந்துதான் 1930 இல் குழந்தை வைத்தியர்களின் தனிச் சங்கம் பிறந்தது. தம் தொழிலின் தலைமையையே மீறி ஏழைக் குழந்தைக்காக நின்ற நிபுணர்களை நான் மனதார வணங்குகிறேன்.

ஆனால், நோயைப் பற்றிப் பேச வரும் அதே சங்கம் வேறொரு நாளில் கட்டணத்தைப் பற்றியும், யார் வைத்தியம் பார்க்கலாம் என்பதைப் பற்றியும், எங்கே வேலை செய்வது என்பதைப் பற்றியும் பேச வருகிறது. இரண்டு நாளும் அது நோயாளியின் பெயரைத்தான் சொல்கிறது. கேட்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்புறுதியான மெடிகேரில், எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு மதிப்பு என்பதைப் பரிந்துரைக்கும் குழுவை 1991 இல் அமெரிக்க மருத்துவ சங்கம் அமைத்தது. அதன் இருக்கைகளில் பெரும்பாலானவை நிபுணர் சங்கங்களுக்கு உரியவை. ஒரு சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் தேவை என்று அச்சங்கங்கள் தம் உறுப்பினர்களிடமே கேட்டு, அந்த விடைகளைக் குழுவின் முன் வைக்கின்றன. அரசு பெரும்பாலும் அப்பரிந்துரையை ஏற்றுக்கொள்கிறது. இந்தக் கணக்கெடுப்புகளுக்கு விடையளிப்போர் மிகக் குறைவு என்றும், இதில் சொந்த நலன் கலக்க இடமுண்டு என்றும் அந்நாட்டு அரசின் கணக்காய்வு அமைப்பே 2015 இல் எழுதியது. நோயாளியோடு உட்கார்ந்து பேசி, மருந்தைச் சரிசெய்து அனுப்பும் குடும்ப வைத்தியரின் அரைமணி நேரம் அங்கே மலிவாகவும், கருவியைக் கையிலெடுக்கும் நிபுணரின் அரைமணி நேரம் விலைகூடியதாகவும் ஆனதற்கு இந்த முறையும் ஒரு காரணம் என்பது பல காலக் குற்றச்சாட்டு. யாரும் லஞ்சம் கொடுக்கவில்லை, சட்டத்தை மீறவில்லை. ஆயினும் இளம் வைத்தியர்கள் எந்தத் துறையை நோக்கி ஓடுவார்கள் என்பதை ஒரு கூட்ட அறை தீர்மானித்துவிடுகிறது.

நம் நாட்டில் அரச வைத்தியருக்கு மாதச் சம்பளம். ஆகவே இங்கே பேரம் கட்டணத்தில் நடப்பதில்லை. இடமாற்றம், ஓய்வு வயது, தனியார் வைத்தியம், யார் வைத்தியராகலாம் ஆகியவற்றில் நடக்கிறது. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக அரச மருத்துவ அதிகாரிகள் சங்கம் செய்த வேலைநிறுத்தங்கள் உங்களுக்கு நினைவிருக்கும். 2022 இல் அரச ஊழியரின் ஓய்வு வயது 60 ஆகக் குறைக்கப்பட்டபோது விசேட வைத்திய நிபுணர்கள் நீதிமன்றம் சென்றார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் உண்மை இருந்தது. ஆனால் 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பரிந்துரைத்தபடி, மருந்துகளை வணிகப் பெயரில் வாங்காமல் மூலப் பெயரில் மலிவாக வாங்க அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் முனைந்தபோது, கம்பனிகளோடு சேர்ந்து எதிர்த்தவர்களில் வைத்தியர்களும் இருந்தார்கள். அன்றும் நோயாளியின் நலனே காரணமாகச் சொல்லப்பட்டது.

இனி உங்கள் அம்மாவின் கிளினிக். தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிறாள். அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடுகிறது. நிபுணர் இல்லையென்றால் அவளுக்கு மிஞ்சுவது, டவுனுக்குப் போய்ச் சனல் பண்ணி, அதாவது தனியாரிடம் காசு கட்டிப் பதிவு செய்து, நிபுணரைப் பார்ப்பது, அல்லது பார்வை மங்கும்வரை காத்திருப்பது. அந்த நிபுணரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. விடுதி வசதி சரியில்லாத, பிள்ளைக்குப் பாடசாலை கிடைக்காத, மாலையில் தனியார் வைத்தியம் பார்த்து வருமானம் தேட வழியில்லாத இடத்தில் எவருக்கும் நீண்டகாலம் இருக்க விருப்பம் வராது. இடமாற்றம் பற்றிய பேச்சில் அவர் பக்கத்தை எடுத்துச் சொல்லச் சங்கம் இருக்கிறது, அது தன் கடமையைச் செய்கிறது. கொப்பியோடு திரும்பிய பெண்ணின் பக்கத்தை அங்கே எவர் சொல்கிறார்?

இது இன்றைய குறையல்ல. தோட்டத் தொழிலாளரின் வைத்தியம் பற்றிய முதல் சட்டம் 1872 இல் வந்தபோதும் அதன் செலவு யார் தலையில் விழும் என்று அரசோடு வாதாட, 1854 இலேயே அமைக்கப்பட்ட தோட்டத்துரைமார் சங்கம் இருந்தது. தொழிலாளிக்கு எதுவும் இருக்கவில்லை. இன்று நமக்குத் தொழிற்சங்கங்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் உண்டு. ஆனால் அவர்களின் முழுப் பலமும் 1,000 ரூபாய், பிறகு 1,700 ரூபாய் என்று நாட்சம்பளத்திலேயே செலவாகி வந்திருக்கிறது. அந்தப் போராட்டம் தேவையானது, அதில் சந்தேகமில்லை. எனினும் வைத்தியசாலை என்று வரும்போது அவர்கள் கேட்பது பெரும்பாலும் கட்டடத்தை. இந்திய உதவியில் கட்டப்பட்டு 2017 இல் திறக்கப்பட்ட டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் நமக்குக் கிடைத்த பெரும் பேறு. ஆனால் ஒரு வைத்தியசாலைக்கு எத்தனை நிபுணர், எத்தனை தாதியர் என்ற ஆளணி அட்டவணை எந்தத் திறப்பு விழாவிலும் வாசிக்கப்படுவதில்லை. அதைக் கேட்டு வாதாடத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் வேண்டும்.

நீங்கள் ஆசிரியர், ஆகவே உங்களால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, அம்மா போகும் வைத்தியசாலைக்குப் பொறுப்பான தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்; காரணம் சொல்லத் தேவையில்லை. அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் பதவிகள் எத்தனை, இன்று நிரம்பியிருப்பவை எத்தனை, கண் பிரிவில் நிபுணர் இல்லாமல் கழிந்த மாதங்கள் எத்தனை என்று கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும். பதில் வந்ததும் அதன் பிரதியை உங்கள் தொழிற்சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கும், கண் வைத்திய நிபுணர்களின் சங்கத்துக்கும் அனுப்புங்கள். இரண்டாமவருக்குக் கட்டாயம் அனுப்புங்கள்: நீரிழிவால் பார்வை போவதைத் தடுக்கலாம் என்று நமக்குச் சொல்லித் தருபவர்கள் அவர்கள்தான், அமைச்சில் அவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள், இந்த எண்களையும் அங்கே எடுத்துச் செல்லும்படி அவர்களை நேரடியாகவே கேட்கலாம்.

அன்புடன்.